ஐந்தாம் சக்கரத்துக்கு வண்டி மை

“பசியாறிட்டீங்களா, தம்பி?”

காலை ஆறரை மணி. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் பூக்கடைக்காரர் அப்போதுதான் மல்லிகைச் சரங்களை எடுத்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். மலேசியத் தமிழர்கள் காலை உணவைப் பசியாறல் என்கிறார்கள். நாம் ‘டிபன்’ என்று சொல்லிக் கைவிட்ட இடத்தில் அவர்கள் ஒரு நல்ல சொல்லைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இன்னும் இல்லை என்றேன். கேட்ட அண்ணன் என்னை உட்காரவைத்து இரண்டு தோசையும் ஒரு தே தாரிக்கும் சொன்னார். அவர் காலடியில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே சுவருக்குப் பட்டி பார்க்கிற தகடு, கந்தல் துணி, டார்ச் விளக்கு, ஒரு காலிப்பர்.

நண்பர் மகள் கல்யாணத்துக்காகக் கோலாலம்பூர் போயிருந்தேன். பெண்ணுக்குத் தாய்மாமன் முறை இந்த அண்ணன். வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருடமாகக் கிள்ளான் துறைமுகத்தில் கொண்டேனா, அதாவது கன்டெய்னர், இழுக்கிறவர். நாமக்கல் என்று என் ஊரைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். “லோரி ஊரு இல்ல அது!” நாமக்கல்லில் பிறந்தவனுக்கு லாரி என்பது வாகனம் மட்டுமல்ல. சித்தப்பா கேஸ் டேங்கர் ஓட்டினார், பக்கத்து வீட்டில் பாடி கட்டினார்கள், பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் வெல்டிங் வெளிச்சம். அந்த ஒரு சொல்லில் நாங்கள் உறவாகிவிட்டோம்.

“நாளைக்கு என் லோரிக்கு எண்ணெய்க் குளியல். சனிக்கிழமைதான் முறை. ஆனா அவளுக்கு ஞாயித்துக்கிழமைதான் லீவு. வரீங்களா?” என்று முந்தின இரவு கேட்டிருந்தார். பத்துமலை, இரட்டைக் கோபுரம் எல்லாம் அப்படியேதான் இருக்கப்போகின்றன. வருகிறேன் என்றேன்.

கொமுட்டர் ரயிலைப் பிடிக்க கேஎல் சென்ட்ரல் பக்கம் நடந்தோம். சாலையின் மேலே வண்ண வளைவுகள். 2010-இல் இந்தப் பகுதியை லிட்டில் இந்தியா என்று அறிவித்துத் திறந்துவைத்தபோது வந்த அலங்காரம் இது. அதற்கும் முந்திய பிரிக்பீல்ட்ஸ் பெயரிலேயே இருக்கிறது: செங்கல் வயல். 1881-இல் தீயும் வெள்ளமும் மாறிமாறிக் கோலாலம்பூரின் மர வீடுகளையும் அத்தாப்பு ஓலைக் கூரைகளையும் துடைத்துப் போட்டன. அடுத்த ஆண்டு சிலாங்கூருக்கு பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிமேல் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுங்கள் என்றார். சீனத் தலைவர் யாப் குவான் செங் இங்கே சூளை போட்டார். களிமண் தோண்டிய பள்ளங்கள், புகை, செங்கல் ஏற்றிய மாட்டு வண்டிகள். இன்று துணிக்கடைகள் நிற்கிற தெரு அப்படித்தான் தொடங்கியது.

மாட்டு வண்டி என்றதும் எனக்குத் தாத்தாவின் வண்டி மை நினைவுக்கு வந்தது. வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைப்பார். அதை மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார். சந்தைக்குப் புறப்படும் முன் கடையாணியைக் கழற்றி, சக்கரத்தை நகர்த்தி, அச்சில் மை போட்டுவிட்டுத்தான் மாட்டைப் பூட்டுவார். மையில்லாத வண்டி ஊருக்கு முன்னால் கத்திக்கொண்டு போகும், அது வண்டிக்காரனுக்கு மானக்கேடு என்பார்.

இதைச் சொன்னதும் அண்ணன் சிரித்தார். “எங்கப்பாவுக்கும் அதே வேலதான். மாடு மட்டும் இல்ல.”

அவர் அப்பா ரயில்வேயில் இருந்தார். கேஎல் சென்ட்ரல் 2001-இல் திறக்கப்படும் முன் அந்த இடம் முழுவதும் ரயில்வே பெட்டிகளைப் பிரித்துக் கோக்கிற தண்டவாள முற்றம். ரோசாரியோ சாலையோரம் ஊழியர்களுக்காகக் கட்டிய நூறு வீட்டுக் குவார்ட்டர்ஸ் இருந்தது. அதுவும் இப்போது இல்லை. தமிழர்களும் இலங்கைத் தமிழர்களும் எழுத்தர் முதல் கொடி காட்டுகிறவர் வரை ரயில்வேயை நிறைத்திருந்த காலம் அது. ஒவ்வொரு சரக்குப் பெட்டியின் அச்சுப் பெட்டிக்கும் எண்ணெய் ஊற்றுவதற்கென்றே ஆள் உண்டு. அண்ணனின் அப்பா அந்த ஆள். நீண்ட மூக்கு வைத்த எண்ணெய்க் கேனோடு வண்டி வண்டியாக நடந்துபோவார்.

“அதுக்குச் சம்பளம் கொடுத்தாங்க, தம்பி. எண்ணெய் ஊத்துறதுக்கு மாசச் சம்பளம்!” என்றார். அந்த வியப்பின் காரணம் எனக்கு மத்தியானம்தான் விளங்கியது.

ரயில் பெட்டியில் குளிர் அதிகம். பந்தாய் டாலாம், சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலாம் என்று நிலையங்கள் வந்துபோயின. இது மலாயாவின் இரண்டாவது ரயில் தடம். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை 1885-இல் ஓடியது முதல் ரயில். மறு ஆண்டு, 1886 செப்டம்பரில், கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் புக்கிட் கூடா வரை இரண்டாவது. ஆற்றைத் தாண்டப் பாலம் கட்ட 1890 ஆனது. 1901-இல் கடலோரத்தில் புதிய துறைமுகம் திறந்து அதற்கு போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் வைத்தார்கள். தடத்தின் ஒரு முனையில் செங்கல் சுடச் சொன்னவர் மறுமுனையில் துறைமுகமாகவே ஆகிவிட்டார். 1972-இல்தான் அது போர்ட் கிள்ளான் என்று ஆனது. திறந்த சில மாதங்களிலேயே மலேரியா அந்தத் துறைமுகத்தை முடக்கப் பார்த்தது. கிள்ளானில் இருந்த மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து நோயை அடக்கினார்.

ஜாலான் காஸ்தாம் நிலையத்தில் இறங்கி கிராப் வாடகை வண்டி பிடித்தோம். யார்டு என்று அவர்கள் சொல்கிற அந்தத் திடலில் டிரெய்லர்கள் முன்காலை ஊன்றித் தலையில்லாமல் வரிசையாக நின்றன. தொலைவில் துறைமுகத்துப் பளுதூக்கிகள். 2023-இல் இந்தத் துறைமுகம் கையாண்ட சரக்கு, இருபதடிப் பெட்டிக் கணக்கில், ஒரு கோடியே நாற்பது லட்சம். பாதிக்கு மேல் கப்பல் மாறிப் போய்விடும். மிச்சத்தில் பெரும்பங்கு லாரியின் முதுகில்தான் ஊருக்குள் வர வேண்டும்.

அண்ணனின் பிரைம் மூவர், அதாவது இழுக்கும் தலை, தனியாக நின்றது. சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். “இதுதான் ஐந்தாம் சக்கரம்.”

சக்கரம் என்று பெயரே தவிர அது உருள்வதில்லை. நடுவில் பிளந்த மாட்டுக் குளம்பு போல ஒரு தடித்த இரும்புத் தட்டு, பின்பக்கமாகச் சற்றுச் சாய்ந்து படுத்திருக்கிறது. டிரெய்லரின் வயிற்றிலிருந்து கீழ்நோக்கி நீண்டிருக்கும் கிங் பின் என்கிற முளை அந்தப் பிளவுக்குள் நுழையும். உள்ளே இருக்கும் தாடைகள் அதன் கழுத்தைக் கவ்வும். முப்பது டன் வரை கனக்கிற கொண்டேனாவை இழுப்பது இரண்டங்குலத் தடிமனுள்ள அந்த ஒரு முளைதான்.

பெயர் வந்த கதையைத் தேரை வைத்துச் சொன்னால் நமக்கு எளிதில் புரியும். நம் தேரின் முன் அச்சு திரும்பாது. அதனால்தான் வீதி முனை வந்தால் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சக்கரத்தடியில் குனிகிறார்கள். பெரிய தேர்களுக்குச் சக்கரத்தின் கீழ் இரும்புத் தகடு போட்டு மசகு தடவி வழுக்கவிட்டுத் திருப்புவதும் உண்டு. மேலைநாட்டு நான்கு சக்கரக் குதிரை வண்டிக்காரர்கள் அதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தார்கள். முன் அச்சுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு வளையத்தைப் படுக்கவைத்து, அதன்கீழ் அச்சு சுழலும்படி செய்தார்கள். உருளாத அந்த வளையத்துக்கு ஐந்தாம் சக்கரம் என்று பெயர். மோட்டார் வந்தபோது வளையம் தட்டாகி லாரியில் ஏறியது. பெயரும் கூடவே ஏறிக்கொண்டது.

தேருக்கடியில் போடும் தகடும் இந்தத் தட்டும் செய்வது ஒரே வேலை. இரும்பின்மேல் இரும்பு உட்கார்ந்திருக்கிறது, பல டன் பாரம் அழுத்துகிறது, அந்த நிலையில் திரும்ப வேண்டும். நடுவில் மசகு இல்லாவிட்டால்?

“டிரெய்லர் திரும்ப மாட்டேங்கும்,” என்றார் அண்ணன். “நாம ஸ்டியரிங்க ஒடிப்போம், அது நேரா போகணும்னு பிடிவாதம் பிடிக்கும். மழையில வளைவுல முன்டயரு வழுக்கும். ரவுண்டபவுட்டுல கத்தும் பாருங்க, பன்னி கத்துற மாதிரி. அப்புறம் விட்டதும் வெடுக்குனு திரும்பும்.”

வேலை தொடங்கியது. முதலில் பழைய கிரீஸைச் சுரண்டுவது. பட்டித் தகட்டால் வழித்தபோது கருப்பாகத் தார் போல வந்தது. ஒரு துளியை எடுத்து என் கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் தடவி, தேய்க்கச் சொன்னார். நறநறவென்றது.

“மணலு. கிரீஸு மணல விடாது, பிடிச்சு வெச்சுக்கும். பழசு மேலேயே புதுசப் போடுறவன், உப்புத்தாள வெச்சு இரும்பத் தேய்க்கிறான்.” பிறகு அதே துளியை வெயிலில் காட்டச் சொன்னார். மின்னவில்லை. மின்னியிருந்தால் அது தட்டிலிருந்தோ முளையிலிருந்தோ உதிர்ந்த இரும்புப் பொடி. வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி அந்தக் கருப்புச் சாந்தைப் பார்த்தார்.

வழித்ததையும் துடைத்த துணியையும் மூடி போட்ட பீப்பாயில் போட்டார். மசகு எண்ணெய்க் கழிவும் அது தோய்ந்த கந்தலும் மலேசியாவில் சட்டப்படி அட்டவணைக் கழிவுகள். சாக்கடையில் எறிய முடியாது.

தட்டு சுத்தமானதும் டார்ச் அடித்துச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். விரிசல் உண்டா, தட்டைச் சட்டத்தோடு பிணைக்கிற போல்ட் தளர்ந்திருக்கிறதா, பூட்டுக் கைப்பிடியின் ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறதா. வர்த்தக வாகனம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகத்தான் வேண்டும். “ஆறு மாசத்துக்கு ஒரு தடவ அவங்க பாப்பாங்க. நடுவுல ஆறு மாசம் யாரு பாக்குறது?” என்றார், விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகு கிரீஸ் துப்பாக்கி. லித்தியம் கிரீஸ், கெட்டித்தன்மையில் இரண்டாம் எண். கிரீஸின் கெட்டித்தன்மைக்கு ஒன்பது படிகள் உண்டு, மூன்று சுழியில் (000) தொடங்கி ஆறில் முடியும். இரண்டு என்பது வெண்ணெய் பதம்: இந்த ஊர் வெயிலில் உருகி ஓடாது, குழாய்க்குள் போகாமல் அடம்பிடிக்கவும் செய்யாது. மாலிப்டினம் சேர்த்த கருஞ்சாம்பல் நிற வகையைத்தான் அவர் விரும்புகிறார். மழை அலசிக்கொண்டு போனாலும் இரும்பில் ஒரு பூச்சு மிஞ்சியிருக்கும் என்றார்.

தட்டைத் தாங்கும் இரண்டு பக்க முளைகளிலும் கிரீஸ் ஏற்றும் நிப்பிள்கள் இருக்கின்றன. தட்டைக் கடப்பாரையால் லேசாகத் தூக்கிச் சாய்த்து, பாரம் விலகிய இடைவெளியில் பம்ப் செய்தார். பழைய அழுக்கு வெளியே பிதுங்கி, அதன் பின்னால் புதிய நிறம் எட்டிப் பார்க்கும் வரை விடவில்லை. அடுத்து தாடைகள், தாடை நகரும் தடம், கிங் பின் உட்காரும் குழிவு. பூட்டின் நகரும் மூட்டுகளுக்கு மட்டும் கிரீஸ் இல்லை, மெல்லிய எண்ணெய். அங்கே கிரீஸ் போட்டால் தூசு சேர்ந்து பூட்டு இறுகிவிடுமாம்.

கடைசியில் தட்டின் மேற்பரப்பு. கையுறை போட்ட கையால் நான்தான் தடவினேன். தாராளமாக அப்பினேன். அண்ணன் என் கையைப் பிடித்தார். “தோசைக்கல்லுக்கு எவ்வளவு எண்ணெய் போடுவாங்க? அவ்வளவுதான். கூடப் போட்டா பாரம் உக்காந்ததும் பிதுங்கி சட்டத்துல ஒழுகும், ரோட்டுத் தூசு எல்லாம் அங்க வந்து குடியேறும்.” காடிகளில் நிரப்பி, மேலே மெல்லிய படலமாக வழித்துவிட்டோம். டெப்லான் போன்ற பட்டை ஒட்டிய தட்டுகளும் வந்துவிட்டன, அவற்றின் முகத்துக்குக் கிரீஸே வேண்டாம். பூட்டுக்கு அப்போதும் கவனிப்பு உண்டு.

எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம். அடுத்த வரிசையில் நின்ற டிரெய்லருக்கு அடியில் குனிந்து அதன் கிங் பின்னைத் துடைத்தார், காலிப்பர் வைத்தார். புதிதில் 50.8 மில்லிமீட்டர். 49-க்கு இறங்கினால் மாற்றியாக வேண்டும். இது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. “இன்னும் கொஞ்ச நாள் போகும்” என்று சொல்லிவிட்டு அதற்கும் ஒரு விரல் கிரீஸ் தடவினார்.

“இது உங்க டிரெய்லரா, அண்ணே?”

“நம்மளுதுன்னு எதுவும் இல்ல, தம்பி.”

அங்கேதான் விஷயம் இருந்தது. தலை ஒன்று, வால் நாளுக்கு நாள், சில நாள் டிரிப்புக்கு டிரிப் மாறும். ஒரு டிரெய்லரைத் தொழிற்சாலையில் விட்டுவிட்டு இன்னொன்றைக் கோத்துக்கொண்டு வருவார்கள். இன்று காலை இவர் பூசிய கிரீஸை நாளை வேறொருவர் டிரெய்லரின் வயிறு துடைத்துக்கொண்டு போகும். போகும்போது அது பொறுக்கி வைத்திருக்கும் மணலை இவர் தட்டில் விட்டுவிட்டுப் போகும். இழுக்கிறவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் சிறியது, டிரிப்புக்குத்தான் காசு. யார்டில் நின்று தட்டு சுரண்டுகிற ஒரு மணி நேரம் ஒரு டிரிப்பின் ஓரத்தைத் தின்றுவிடும். கிரீஸ் விலை அற்பம். அதைப் பூசுகிற நேரத்துக்குத்தான் விலை அதிகம். அந்த விலையைத் தருவது யார் என்று எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

என் தாத்தா வண்டி மை போட்டார், வண்டி அவருடையது. அண்ணனின் அப்பா எண்ணெய் ஊற்றினார், அதற்காகவே ரயில்வே அவரை வைத்திருந்தது. அண்ணனுக்கு லாரியும் சொந்தமில்லை, கிரீஸ் பூசச் சம்பளமும் இல்லை. அதனால் விடுமுறை நாளில் ரயிலேறி வருகிறார்.

“எதுக்கு அண்ணே? செய்யலன்னா யாரு பாக்கப் போறா?”

“ஸ்டியரிங் பாக்கும்.”

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். இருபது வருடத்துக்கு முன் ஒரு விடிகாலை, வேறொரு கம்பெனியில் இருந்தபோது, அவசரத்தில் பின்னால் போய்க் கோத்தார். டக் என்று சத்தம் கேட்டது. காற்றுக் குழாயை மாட்டினார், டிரெய்லரின் முன்கால்களைத் தூக்கினார், புறப்பட்டார். கிங் பின் தாடைக்குள் நுழையாமல் தாடையின் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. திருப்பத்தில் டிரெய்லர் நழுவி மூக்குக் குப்புற விழுந்தது. தார்ச்சாலை பெயர்ந்தது. காலியான டிரெய்லர், நடமாட்டம் இல்லாத யார்டு வாசல். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. “பின்னால ஒரு மோட்டார் சைக்கிள் வந்திருந்தா?” அந்தக் கேள்விக்கு இருபது வருடமாக அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

அதனால் கோத்துக் காட்டும்போது சடங்கு போல ஒவ்வொன்றாகச் செய்தார். டிரெய்லர் தட்டைவிடச் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும், தட்டு அதை மெல்லத் தூக்கிக்கொண்டு நுழைய வேண்டும். நேராக, மெதுவாகப் பின்னால் போனார். டக். இறங்கினார். குனிந்து டார்ச் அடித்தார்: தட்டுக்கும் டிரெய்லருக்கும் இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது, தாடைகள் முளையின் கழுத்தைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். கைப்பிடி முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். பிறகு ஏறி, டிரெய்லர் பிரேக் பிடித்திருக்கும்போதே முன்னால் ஒரு வெட்டு இழுத்தார். அசையவில்லை. “அச்சாணி இல்லாத தேரு முச்சாணும் ஓடாதும்பாங்க எங்க பாட்டி. அச்சாணி இருக்குன்னு சத்தத்த வெச்சு நம்பாத, குனிஞ்சு பாருங்கறது நான் சேர்த்தது.”

திடலுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டினார். நான் பக்கத்து இருக்கையில். முழு ஒடிப்பில் திரும்பியபோது பின்னால் அத்தனை பெரிய இரும்பு வளைந்து வருகிறது, ஒரு முனகல்கூட இல்லை. கண்ணாடியில் டிரெய்லரின் ஓரம் மெல்ல நகர்ந்து மறைந்து, மறுபடி வந்து நேரானது. தாத்தா இருந்திருந்தால் தலையசைத்திருப்பார்.

கை கழுவத் துணி துவைக்கிற தூளும் ஒரு பிடிச் சர்க்கரையும் கொடுத்தார். அப்போது பக்கத்தில் ஒரு தலை வந்து நின்றது. இருபத்தைந்து வயது இளைஞர் இறங்கினார். கோல சிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டங்கள் கைமாறித் துண்டாகிப் போனபோது தொழிலாளர் பணத்திலேயே தோட்டம் வாங்க 1960-இல் கூட்டுறவுச் சங்கம் கண்டவர் துன் சம்பந்தன். காலையில் நாங்கள் பசியாறிய சாலைக்கு அவர் பெயர். அப்படி மிஞ்சிய தோட்டங்கள் சில. மற்றவற்றின் பிள்ளைகளில் பலரை இந்த ஸ்டியரிங்குகளின் பின்னால் பார்க்கலாம். அந்த இளைஞர் அண்ணன் கிரீஸ் தடவிவைத்த அடுத்த வரிசை டிரெய்லரை ஞாயிறு டிரிப்புக்குக் கோக்க வந்தவர். பின்னால் வந்து பூட்டினார். தாடை கவ்விய சத்தம் மெத்தென்று கேட்டது.

“என்ன மாமா, இன்னைக்கு இவ்வளவு லேசா ஏறுது?” என்றார்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. டார்ச்சை அவர் கையில் கொடுத்து, “குனிஞ்சு பாரு” என்றார்.